பாம்பனில் 46 நாள், பாலக்காட்டில் 3,859 வாக்கு

கோயம்புத்தூர் உக்கடத்தில் பஸ் ஏறி வாளையாறைத் தாண்டினால் அடுத்த பெரிய ஊர் பாலக்காடு. அங்கே 2021 ஏப்ரல் 6 அன்று நடந்த சட்டமன்றத் தேர்தலில் 88 வயது இன்ஜினியர் ஒருவர் நின்றார். பெயர் இ. ஸ்ரீதரன். டெல்லி மெட்ரோவைக் கட்டியவர் என்றால் எல்லோருக்கும் தெரியும். பாரதிய ஜனதா கட்சி வேட்பாளராக நின்ற அவர் 3,859 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். அந்தத் தேர்தல் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் என் காதில் விழுவது ஒரே கேள்விதான்: "இப்பேர்ப்பட்ட ஆளையே தோற்கடித்துவிட்டார்களே, ஏன்?" கட்சிக்காகக் கேட்பவர்கள் உண்டு. அந்தக் கட்சியைப் பிடிக்காமல், மனிதருக்காக மட்டும் கேட்பவர்களும் உண்டு.

இந்தக் கேள்வியைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைப்போம். இதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அவர் ஜெயித்திருந்தால், பதவியேற்ற மறுநாள் காலையில் என்ன வேலை பார்த்திருப்பார்? டீ இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. மெதுவாகவே நடந்து பார்ப்போம்.

தொடங்குவதற்கு நம் ஊர்க் கதையே இருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியை அழித்த புயல், பாம்பன் ரயில் பாலத்தையும் விட்டுவைக்கவில்லை. பாலத்தின் 146 கண்களில் 126 கண்களின் இரும்பு உத்தரங்கள் கடலுக்குள் போய்விட்டன. சரிசெய்ய ரயில்வே ஆறு மாதம் கெடு வைத்தது. மேலதிகாரி அதை மூன்று மாதமாகச் சுருக்கினார். பொறுப்பு, தெற்கு ரயில்வேயில் இருந்த 32 வயது ஸ்ரீதரனிடம் வந்தது. புது உத்தரங்களைச் செய்து கொண்டுவர நாளாகும். பழைய உத்தரங்கள் கடலடியில் எங்கே கிடக்கின்றன என்று மீனவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் சொன்ன இடத்திலிருந்து அவற்றைத் தூக்கி, திரும்பவும் தூண்கள்மேல் ஏற்றினார். 46 நாளில் ரயில் ஓடியது. ரயில்வே அமைச்சர் 1,000 ரூபாய் பரிசு கொடுத்தார்.

இந்தக் கதையை எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு அலுப்பதில்லை. ஆனால் இதிலேயே நாம் கவனிக்காமல் தாண்டிப் போகிற இடம் ஒன்று உண்டு. அதே புயலில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போகும் ரயில் பாதையும் நாசமானது. அது திரும்பப் போடப்படவே இல்லை. கடலில் கிடந்த உத்தரங்களையே மீட்டவருக்கு, மணல்மேல் தண்டவாளம் போடத் தெரியாதா? தெரியும். போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. தனுஷ்கோடி இனி மனிதர் வாழ ஏற்ற இடமில்லை என்று அரசு முடிவெடுத்துவிட்டது. எந்தப் பாதை திரும்ப வேண்டும், எது போகட்டும் என்ற முடிவு வேறோர் அறையில் எடுக்கப்பட்டது. எப்படிப் போடுவது என்பது மட்டும்தான் இன்ஜினியரின் கைக்கு வந்தது.

கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். பின்கட்டில் தலைமைச் சமையல்காரர் கோட்டை அடுப்பு மூட்டி நிற்கிறார். அவர் முதலில் கேட்பது, "எத்தனை இலை?" அதற்கு அவரே பதில் சொல்லிக்கொள்ள முடியாது. முன்கூடத்தில் சித்தப்பா, மாமா, சம்பந்தி வீட்டார் எல்லாம் உட்கார்ந்து யாரை அழைப்பது, எவ்வளவு செலவழிப்பது, இரண்டு பாயசமா ஒன்றா என்று பேசி முடிக்க வேண்டும். சில வீடுகளில் அந்தப் பேச்சு முடிவதற்குள் முகூர்த்தமே நெருங்கிவிடும். ஸ்ரீதரன் வாழ்நாள் முழுக்கப் பின்கட்டில் நின்ற தலைமைச் சமையல்காரர். பாலக்காட்டில் அவர் கேட்டது முன்கூடத்தில் ஒரு நாற்காலி. அந்தக் கூடத்தில் 140 நாற்காலிகள் உண்டு. கேரளச் சட்டமன்றத்தின் மொத்த இடங்கள் அவ்வளவு.

முன்கூடம் ஏதோ வெட்டிப்பேச்சு இடம் என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்ரீதரனின் பெரிய வேலைகள் இரண்டுமே அங்கே எடுக்கப்பட்ட முடிவுகளின்மேல் நிற்பவைதான். கொங்கண் ரயில்வேயை எடுத்துக்கொள்வோம். ரயில்வே பட்ஜெட்டில் வருஷா வருஷம் கிள்ளிக் கொடுக்கும் பணத்தை நம்பியிருந்தால் அந்த மலைப்பாதை இன்னும் பல பத்தாண்டுகள் இழுத்திருக்கும். 1990-இல் அதற்கென்றே ஒரு கழகத்தை உண்டாக்கினார்கள். மகாராஷ்டிரம், கோவா, கர்நாடகம், கேரளம் ஆகிய நான்கு மாநிலங்களும் ரயில்வேயும் அதில் பங்கு போட்டன. மீதிக்குப் பொதுமக்களிடம் கடன்பத்திரம் விற்றுப் பணம் திரட்டினார்கள். அந்த ஏற்பாட்டின்மேல்தான் அவர் 741 கிலோமீட்டர் பாதையை 1998 ஜனவரிக்குள் முடித்தார்.

டெல்லியிலும் அதே கதை. மத்திய அரசும் டெல்லி அரசும் சம பங்கு போட்டு ஒரு நிறுவனம் தொடங்கின. டெண்டரிலும் ஆள் எடுப்பதிலும் அன்றாடம் தலையிட மாட்டோம் என்று அரசியல்வாதிகள் ஒதுங்கி நின்றார்கள். 2002 டிசம்பர் 24 அன்று ஷாதராவிலிருந்து தீஸ் ஹசாரிக்கு முதல் ரயில் ஓடியது. அதை ஓட்டவும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. கட்டணத்தை யார் நிர்ணயிப்பது, டிக்கெட் இல்லாமல் ஏறினால் என்ன அபராதம், விபத்து நடந்தால் யார் விசாரிப்பது என்றெல்லாம் சொல்லும் சட்டத்தை நாடாளுமன்றம் அதே 2002-இல் நிறைவேற்றியது. தண்டவாளத்தை நாம் கண்ணால் பார்க்கிறோம். அந்தக் காகிதத்தை யாரும் பார்ப்பதில்லை.

இப்போது, எல்லோருக்கும் இருக்கிற அந்தத் தப்பான எண்ணத்துக்கு வருவோம். எனக்கும் ரொம்ப நாள் இருந்தது. எம்.எல்.ஏ. என்றால் தொகுதியின் தலைமைக் கட்டுமானக்காரர் என்று நாம் நினைக்கிறோம். அப்படியானால் இன்ஜினியரை அனுப்பினால் ரோடும் பாலமும் சாக்கடையும் தானாகச் சரியாகிவிடும் அல்லவா? நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஒரு தெருவில் இறங்கிப் பார்த்துவிடுவோம்.

பாலக்காடு நகரத்தில் மழை பெய்து ஒரு தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தெருவும் ஓரத்துச் சாக்கடையும் நகராட்சியுடையவை. அதைக் கேட்க வேண்டியது வார்டு கவுன்சிலரிடம். தெரு போய்ச் சேரும் பெரிய சாலை மாநிலப் பொதுப்பணித் துறையுடையது. அதையும் தாண்டி, சேலத்திலிருந்து கோவை வழியாகக் கொச்சி போகிற 544-ஆம் எண் நெடுஞ்சாலை மத்திய அரசுடையது. குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் கேரள நீர் ஆணையத்திடம் போக வேண்டும். இந்த நான்கு வாசலிலும் எம்.எல்.ஏ. அதிகாரி இல்லை. எதற்கும் சாவி அவர் இடுப்பில் இல்லை.

"தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. தமிழ்நாட்டில் அது தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். கேரளத்திலும் அதுபோன்ற நிதி உண்டு. ஆனால் எம்.எல்.ஏ. செய்வது பரிந்துரை மட்டும். 'இந்த இடத்தில் பஸ் நிழற்குடை வேண்டும்' என்று அவர் எழுதிக் கொடுப்பார். அதற்குப்பிறகு மதிப்பீடு போடுவது அரசுப் பொறியாளர், நிர்வாக அனுமதி தருவது கலெக்டர் போன்ற அதிகாரி. டெண்டர் விடுவது, அளவெடுத்து எம்-புக் என்கிற அளவுப் பதிவேட்டில் எழுதுவது, பில் பாஸ் செய்வது எல்லாம் துறை. எம்.எல்.ஏ.வே 40 வருஷம் பாலம் கட்டியவராக இருந்தாலும் அந்த மதிப்பீட்டில் அவர் கையெழுத்துப் போட முடியாது. போடவும் கூடாது. பரிந்துரைப்பவரும் அளப்பவரும் ஒருவராகவே இருந்தால் கணக்கு என்னாகும் என்று உங்களுக்கே தெரியும்.

"நடைமுறையில் எம்.எல்.ஏ. ஒரு போன் போட்டால் வேலை நடக்கிறதே" என்று அடுத்து கேட்பீர்கள். நடக்கிறது, மறுக்க முடியாது. அந்த போன்தான் நம் குழப்பத்துக்கே காரணம் என்று நினைக்கிறேன். தூங்குகிற கோப்பைத் தட்டி எழுப்புவது பயனுள்ள வேலைதான். ஆனால் அதற்குப் பி.இ. தேவையில்லை. எந்த அலுவலகத்தில் யார், எந்தத் தெருவில் என்ன தகராறு என்று தெரிந்து, கூப்பிட்டால் ஓடிவரும் உள்ளூர் ஆள் போதும். ஸ்ரீதரனை எதிர்த்து நின்ற காங்கிரஸ் வேட்பாளர் ஷாபி பரம்பில் 2011-லிருந்தே அந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ.வாக இருந்தவர். இந்தப் போன் வேலையில் அவர் யாருக்கும் குறைந்தவராக இருந்திருக்க முடியாது.

சரி, இன்ஜினியர் ஒருவர் தேர்தலில் நிற்பதற்கே என்ன வேண்டும்? இதைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். 25 வயது நிரம்பியிருக்க வேண்டும், மேல் வரம்பு கிடையாது. 10,000 ரூபாய் டெபாசிட். பதிவான செல்லும் வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அது திரும்ப வராது. பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் டெபாசிட் பாதி. 2021-இல் வேட்பாளர் செலவுக்கு உச்சவரம்பு 30 லட்சத்து 80 ஆயிரம். படிப்புத் தகுதி என்று சட்டத்தில் எதுவுமே இல்லை. பிரமாணப் பத்திரத்தில் சொத்து, வழக்கு விவரங்களோடு படிப்பையும் ஒரு வரியில் எழுதினால் போதும்.

ஆனால் சிவில் இன்ஜினியர்கள் கவனிக்க வேண்டிய விதி ஒன்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் உண்டு. மாநில அரசுக்கு வேலை செய்து தருவதாக நடப்பில் ஒப்பந்தம் வைத்திருப்பவர் அந்த மாநிலச் சட்டமன்றத்துக்குப் போட்டியிட முடியாது. அரசு சாலையைக் காண்டிராக்ட் எடுத்து, பாதியில் வைத்துக்கொண்டு வேட்புமனு போட்டால் நிராகரிக்கப்படும். வேலையை முழுக்க முடித்துக் கொடுத்து, அரசுதான் இன்னும் பணம் தரவில்லை என்றால் தடையில்லை. அரசுச் சம்பளத்தில் இருக்கிற இன்ஜினியர் முதலில் வேலையை விட வேண்டும். பின்கட்டில் கூலி வாங்கிக்கொண்டே முன்கூடத்தில் உட்கார்ந்து கூலி எவ்வளவு என்று பேச முடியாது என்பதுதான் இதற்குள் இருக்கிற நியாயம்.

தேர்தல் விதிகள் என்றதும் இன்னொரு பாலக்காட்டுக்காரர் ஞாபகம் வருகிறது. அந்த ஊர் பாசல் மிஷன் பள்ளியில் ஸ்ரீதரனோடு படித்தவர் டி.என். சேஷன். 1990 முதல் 1996 வரை தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்து, செலவுக் கணக்கு என்றால் என்னவென்று வேட்பாளர்களுக்குப் புரியவைத்தவர். அவரும் 1999-இல் காந்திநகரில் மக்களவைக்கு நின்று தோற்றார். ஒரே வகுப்பறையிலிருந்து வந்த இருவர், தத்தம் துறையில் நாடறிந்த பிறகு, வாக்குப்பெட்டியில் ஒரே முடிவைக் கண்டார்கள்.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்புவோம். ஜெயித்து முன்கூடத்தில் உட்கார்ந்தால் ஓர் இன்ஜினியருக்கு என்னதான் வேலை? நிறைய இருக்கிறது என்பேன். கொச்சி பாலாரிவட்டம் மேம்பாலம் இதற்குச் சரியான உதாரணம். 2016-இல் திறந்தார்கள். மூன்று வருஷம்கூட ஆகாமல் 2019 மே மாதம் விரிசல் காரணமாக மூடினார்கள். சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்கள் ஆராய்ந்து பார்த்தார்கள். இடித்துக் கட்டுவதா, சோதித்துப் பார்ப்பதா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 செப்டம்பரில் மாநில அரசுக்கு வழி கிடைத்தது. வேலையை ஸ்ரீதரன் மேற்பார்வையில் டெல்லி மெட்ரோ நிறுவனம் எடுத்து, ஐந்து மாதத்துக்குச் சற்று மேலாக ஆனதும் முடித்துக் கொடுத்தது. 2021 மார்ச் 7 அன்று வண்டிகள் ஓடின. அதற்குச் சில நாள் முன்புதான் அவர் அந்த நிறுவனத்தின் சீருடையைக் கழற்றினார். வாக்குப்பதிவுக்குச் சரியாக ஒரு மாதம் இருந்தது.

பாலத்தைத் திரும்பக் கட்டியது பின்கட்டு வேலை. ஆனால் முதல் பாலம் ஏன் மூன்று வருஷத்தில் போனது என்று விடாமல் கேட்பது முன்கூடத்து வேலை. வடிவமைப்பை யார் சரிபார்த்தார்கள்? கான்கிரீட் கனசதுரங்களை உடைத்துப் பார்த்த சோதனை அறிக்கை எங்கே? ஒப்பந்தக்காரர் தன் செலவில் குறைகளைச் சரிசெய்து தர வேண்டிய காலம் எத்தனை வருஷம்? சட்டமன்றத்தில் நட்சத்திரக் குறியிட்ட வினா என்று ஒன்று உண்டு. அதற்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். பதில் வந்ததும் உறுப்பினர் துணைக்கேள்வி கேட்கலாம். அதிகாரிகள் எழுதிக் கொடுத்த முதல் பதிலை யாரும் வாசித்துவிடலாம். "எந்த நாள் கான்கிரீட்? எத்தனை நாள் கழித்துச் சோதித்தீர்கள்?" என்று தொழில் தெரிந்தவர் துணைக்கேள்வி போட்டால் அங்கே மழுப்புவது கஷ்டம்.

இதைவிட முக்கியமானது குழுக்கள். நமக்குச் செய்தியில் வருவது அவையில் நடக்கும் கூச்சல்தான். அமைதியான வேலை குழு அறைகளில் நடக்கிறது. கேரளத்தில் துறைவாரியாக 14 குழுக்கள் உண்டு. மசோதாக்களையும் துறைகளின் மானியக் கோரிக்கைகளையும், அதாவது 'இந்த வருஷம் எங்கள் துறைக்கு இவ்வளவு வேண்டும்' என்று கேட்கும் கணக்கையும், அவை வரிவரியாகப் பார்க்கும். பொதுக் கணக்குக் குழு என்று தனியாக ஒன்று, தணிக்கை அதிகாரியின் அறிக்கையை வைத்துக்கொண்டு செயலாளர்களையே வரவழைத்துக் கேட்கும். கல்யாணம் முடிந்த மறுநாள் மளிகைச் சிட்டையைப் பிரித்து, "இத்தனை மூட்டை அரிசி எங்கே போயிற்று?" என்று கேட்கிற பாட்டியின் வேலை அது. சமையல் தெரிந்த பாட்டி கேட்டால் பதில் நேராக வரும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது. முன்கூடத்து வேலையில் இன்ஜினியருக்குச் சிரமமும் உண்டு. பாம்பன் தூணுக்கு உத்தரம் பொருந்துகிறதா என்பதற்கு ஒரே விடைதான். ஒரு சாலை எந்த வழியாகப் போக வேண்டும் என்பதற்கு, வயலை இழப்பவரிடம் ஒரு விடை, கடை வைத்திருப்பவரிடம் ஒரு விடை, பள்ளிக்கு நடக்கிற பிள்ளையின் அம்மாவிடம் வேறு விடை. எல்லாமே சரியான விடைகள். கட்சிக் கட்டுப்பாடு வேறு இருக்கிறது. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவியே போகலாம். நாள் குறித்து, தானே முடிவெடுத்து, தானே பொறுப்பேற்றுப் பழகியவருக்கு இது வேறு உலகம். 2009-இல் டெல்லி ஜம்ருத்பூரில் மெட்ரோ பாலப் பகுதி ஒன்று சரிந்து தொழிலாளர்கள் இறந்தபோது, அன்றே பொறுப்பேற்று ராஜினாமா கொடுத்தவர் அவர். முதலமைச்சர் அதை ஏற்கவில்லை. 140 பேர் சேர்ந்து எடுக்கும் முடிவில் அப்படித் தனியாளாகத் தோள்கொடுக்க இடமில்லை.

மே 2 அன்று வாக்கு எண்ணினார்கள். எண்ணிக்கை சுற்றுச் சுற்றாக நடக்கும். ஒரு கூடத்தில் வழக்கமாக 14 மேசைகள், வாக்குச்சாவடி எண் வரிசைப்படி இயந்திரங்கள் வரும். அதனால் முதலில் முன்னிலை என்பதற்கு, முதலில் எண்ணிய பகுதியில் முன்னிலை என்று மட்டும்தான் பொருள். பாலக்காடு தொகுதி என்பது நகராட்சியும் கண்ணாடி, மாத்தூர், பிராயிரி என்ற மூன்று பஞ்சாயத்துகளும் சேர்ந்தது. நகராட்சியில் பா.ஜ.க. ஏற்கெனவே ஆட்சியில் இருந்தது. தொடக்கச் சுற்றுகளில் ஸ்ரீதரன் முன்னால் போனார். பஞ்சாயத்து வாக்குகள் வர வர அந்த முன்னிலை கரைந்தது. கடைசியில் ஷாபி பரம்பிலுக்கு 54,079, ஸ்ரீதரனுக்கு 50,220, மூன்றாவதாக மார்க்சிஸ்ட் வேட்பாளருக்கு 36,433. வென்றவருக்குக் கிடைத்தது நூற்றுக்கு 38 தான். இரண்டாவது ஆளைவிட ஒரு வாக்கு கூட இருந்தால் போதும் என்பது நம் தேர்தல் முறை. இதே தொகுதியில் 2016-இல் இரண்டாவதாக வந்த பா.ஜ.க. 17,483 வாக்கில் பின்தங்கியிருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த இடைவெளியில் முக்கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது.

ஆகவே "ஏன் தோற்கடித்தார்கள்" என்று கேட்கும்போது, அந்த 54,079 பேரிடம் 'இவர் நல்ல இன்ஜினியரா' என்று யாரும் கேட்கவில்லை என்பதை நினைவில் வைக்கலாம். கேட்டிருந்தால் அவர்களில் அநேகமாக எல்லோருமே ஆம் என்றிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. முன்கூடத்தில் நம் சார்பில் யார் உட்காரட்டும் என்றுதான் அவர்களிடம் கேட்கப்பட்டது. அந்தத் தேர்தலில் பா.ஜ.க.வுக்குக் கேரளத்தில் ஓர் இடமும் கிடைக்கவில்லை. ஜெயித்திருந்தால் ஸ்ரீதரன் 140 பேரில் தன் கட்சிக்குத் தனி ஆளாக உட்கார்ந்திருப்பார். கட்சிகளை ஒதுக்கிவைத்துவிட்டு யோசித்தாலும், அந்தத் தனி நாற்காலியிலிருந்து அவர் கேட்டிருக்கக்கூடிய துணைக்கேள்விகளை நினைக்கும்போது எனக்கு ஒரு சின்ன ஏக்கம் இருக்கத்தான் செய்கிறது.

அந்த டிசம்பரில், தீவிர அரசியலிலிருந்து விலகுவதாக அவர் அறிவித்தார். பாலக்காட்டிலிருந்து கொச்சியின் வைட்டிலா பக்கம் போகிற பஸ்கள் இடப்பள்ளி தாண்டியதும் பாலாரிவட்டம் மேம்பாலத்தில்தான் ஏறுகின்றன. அவருக்கு வாக்களித்தவர்களும் வாக்களிக்காதவர்களும் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள்.